நரம்பு: ஒரு சொல்லுக்குள் மூன்று உறுப்புகள்

"மூளையில நரம்பு வெடிச்சிருச்சாம்." பக்கவாதத்தில் விழுந்தவரைப் பற்றி ஊரில் இப்படித்தான் பேசிக்கொள்வார்கள். "இதயத்துக்குப் போற நரம்புல அடைப்பு" என்றால் அவருக்கு மாரடைப்பு. "கையில நரம்பே கிடைக்கல, நாலு இடத்துல குத்திட்டாங்க" என்பவர் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு வீடு திரும்பியவர். "ராத்திரி கெண்டைக்கால்ல நரம்பு இழுத்துக்கிச்சு" என்று காலையில் யாராவது ஒருவர் வீட்டில் சொல்லாமல் இருப்பதில்லை.

நான்கு பேச்சிலும் நரம்பு வருகிறது. பாடநூல் நரம்பு என்று சொல்லும் உறுப்பு, அதாவது உணர்வையும் கட்டளையையும் கொண்டுபோகும் இழை, நான்கில் எதிலும் அடிபடவில்லை. மூளையில் வெடித்தது பெரும்பாலும் தமனி, இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் குழாய். இதயத்தில் அடைத்ததும் தமனியே. ஊசி தேடியது சிரை, ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய். இரவில் இறுகிக்கொண்டது கெண்டைக்கால் தசை.

இதைக் கேட்டதும் 'படிக்காத சனம், தப்பாகப் பேசுகிறது' என்று தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தச் சனம் பேசுவது பழைய தமிழ். அதற்குச் சான்று புறநானூற்றிலேயே இருக்கிறது.

278-ஆம் பாட்டு, காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடியது. மகன் போரில் புறமுதுகிட்டான் என்று பலர் சொல்லக் கேட்டுக் கொதித்தெழும் முதிய தாயைப் பாடும் பாட்டு. அவளை நமக்குக் காட்டும் முதல் அடி, 'நரம்பெழுந்து உலறிய நிரம்பா மென்தோள்'. வற்றி உலர்ந்த தோளில் எழுந்து நிற்கும் நரம்பு. வயதானவர்களின் கையைப் பார்த்தவர்களுக்கு அது எது என்று சொல்ல வேண்டியதில்லை. தோலுக்கடியில் கொழுப்பு கரைந்ததும் புடைத்துக்கொண்டு நீலமாகத் தெரிகிற ரத்தக்குழாய், அதாவது சிரை. ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு "நரம்பு தெரியலம்மா, கையை இறுக்கி மூடுங்க" என்கிற செவிலியர் நச்செள்ளையாரின் பொருளில்தான் பேசுகிறார்.

சங்க இலக்கியத்தில் இதைவிட அதிகமாக வருவது யாழின் நரம்பு. இழுத்துக் கட்டி, விறைத்து நின்று, விரல் பட்டதும் ஒலிப்பது. தொல்காப்பியம் இசைநூலையே 'நரம்பின் மறை' என்று குறிக்கிறது. சிலப்பதிகாரத்துக்கு வந்தால் நரம்பு என்பது கம்பியைத் தாண்டி, அதிலிருந்து பிறக்கும் சுரத்துக்கும் பெயராகிவிடுகிறது: குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் ஆகிய ஏழும் ஏழு நரம்புகள். இலையில் ஓடும் கோடுகளும் நரம்புதான். தாவரவியல் பாடத்தில் இன்றும் 'வலைப்பின்னல் நரம்பமைவு', 'இணைப்போக்கு நரம்பமைவு' என்றே படிக்கிறோம். இலை நரம்புக்குள் நீரும் உணவும் ஓடுகின்றன. வேலையை வைத்துப் பார்த்தால் அது நம் ரத்தக்குழாய்க்கு உறவு, மூளையோடு பேசும் நரம்புக்கு இல்லை. ஒரே பள்ளியில் ஒரே மாணவிக்குத் தாவரவியல் வகுப்பில் ஒரு நரம்பும் விலங்கியல் வகுப்பில் வேறொரு நரம்பும் கற்பிக்கப்படுகின்றன. யாரும் அவளிடம் அதை எடுத்துச் சொல்வதில்லை.

ஆக, இந்தச் சொல் தொழிலைப் பார்த்து வைத்த பெயர் இல்லை, வடிவத்தைப் பார்த்து வைத்த பெயர். நீண்டு மெலிந்து, நார்போல் ஓடி, இழுத்தால் விறைப்பது, தோலுக்கோ இலைக்கோ மேலே புடைத்துத் தெரிவது எல்லாம் நரம்பு. உடலைத் திறந்து பார்க்காமல் வெளியிலிருந்து பார்க்கிற கண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. திராவிட மொழிகள் பலவற்றுக்கும் இது பொதுச்சொத்து. மலையாளத்தில் ஞரம்பு, கன்னடத்தில் நர, தெலுங்கில் நரமு. மலையாளத்திலும் கன்னடத்திலும் அது ரத்தக்குழாயையும் குறிக்கும், உணர்வு நரம்பையும் குறிக்கும். நம் ஊர்க் குழப்பம் நமக்கு மட்டும் உரியதில்லை.

கிரேக்கத்துக்குப் போனாலும் இதே கதைதான். இன்று நரம்பணுவை நியூரான் என்கிறோமே, அந்த நியூரான் பழைய கிரேக்கத்தில் தசையை எலும்போடு கட்டும் நாணுக்கும், வில்லின் நாணுக்கும் பெயர். லத்தீனின் நெர்வுஸ் என்ற சொல்லும் அப்படியே. பொது ஆண்டுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் ஹெரோஃபிலஸ், எரசிஸ்திராட்டஸ் என்ற இரு கிரேக்க மருத்துவர்கள் மனித உடலை அறுத்துப் பார்த்தார்கள். மூளையிலிருந்தும் முதுகுத்தண்டிலிருந்தும் புறப்படும் வெள்ளை இழைகள் வேறு, தசையின் முனையில் இருக்கும் வெள்ளை நாண்கள் வேறு என்று அப்போதுதான் தெளிவானது. பொருள் பிரிந்தது, பெயர் இழைக்குப் போயிற்று. பழைய பொருளின் மிச்சம் இன்னும் மருத்துவ மொழியில் கிடக்கிறது: உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் விரிந்திருக்கும் தடித்த நார்ப் படலத்தின் பெயர் அப்போநியூரோசிஸ். பெயரில் நியூரான் உண்டு, உறுப்பு நரம்பு இல்லை.

வடமொழியின் ஸ்நாயு, கிரேக்க நியூரானோடு ஒரே வேரிலிருந்து வந்த சொல். அதுவும் முதலில் நாண்தான். இன்று வங்காளத்தில் ஸ்நாயு என்றால் உணர்வு நரம்பு. இந்தியோ வீணைத் தந்தியிலிருந்து தந்த்ரிகா என்று ஒரு சொல்லை எடுத்துக்கொண்டது. தமிழன் யாழிலிருந்து எடுத்தான், கிரேக்கன் வில்லிலிருந்து எடுத்தான், இந்திக்காரன் வீணையிலிருந்து எடுத்தான். உடலுக்குள் செய்தி ஓடுகிற இழையைப் பார்த்தபோது எல்லோர் நினைவுக்கும் வந்தது இழுத்துக் கட்டிய ஒரு தந்தி.

பொருள் வேறுபாட்டைப் புத்தகத்தில் தேட வேண்டாம், நம் மணிக்கட்டிலேயே எல்லாம் இருக்கிறது. உள்ளங்கையை மேலே திருப்புங்கள். கட்டைவிரல் நுனியையும் சுண்டுவிரல் நுனியையும் சேர்த்து, மணிக்கட்டைச் சற்று உள்ளே மடக்குங்கள். பலருக்கு நடுவில் ஒரு கயிறு போல எழுந்து நிற்கும். (சிலருக்கு அந்தத் தசையே இருக்காது. அதனால் எந்தக் குறையும் இல்லை.) அது தசைநாண். அதற்குப் பக்கத்தில், தோலின் மேல்மட்டத்தில் நீலப்பச்சையாக ஓடுபவை சிரைகள். கட்டைவிரல் பக்கமாக இரண்டு விரலை வைத்து மெல்ல அழுத்தினால் துடிப்பது தமனி. அந்தக் கயிற்றுக்கு அடியில், கண்ணுக்கும் விரலுக்கும் எட்டாமல் கைக்குள் நுழைகிறதே, அதுதான் நரம்பு. மணிக்கட்டின் குறுகலான வழியில் ஒன்பது தசைநாண்களோடு நெருக்கியடித்துக்கொண்டு போகும் நடுநரம்பு அது. அங்கே இடம் குறைந்து அழுத்தம் கூடும்போதுதான் கட்டைவிரலும் அடுத்த விரல்களும் இரவில் மரத்துப்போகின்றன.

நரம்பை நேரே உணர வேண்டுமானால் முழங்கையின் உட்புறம் போதும். நாற்காலிக் கையில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை கரண்ட் அடித்தது போல் பாயுமே, அங்கே எலும்புக்கும் தோலுக்கும் நடுவில் பாதுகாப்பே இல்லாமல் ஒரு நரம்பு ஓடுகிறது. நரம்பு அடிபட்டால் மின்சாரம் போல ஓடும், மரக்கும், எரியும். சிரை பழுதானால் வீங்கும், கனக்கும். தமனி அடைத்தால் அதற்கு அப்பாலுள்ள உறுப்பு ரத்தமில்லாமல் சாகத் தொடங்கும். தசைநாண் அறுந்தால் விரல் மடங்காது. நான்குக்கும் மருத்துவர் வேறு, அவசரம் வேறு. ஊர்ப்பேச்சில் ஒரே சொல் போதுமானதாக இருக்கலாம். மருத்துவமனைப் படிவத்தில் அது போதாது என்பதுதான் என் கவலை.

சரி, எதற்கு எந்தச் சொல்?

உணர்வையும் கட்டளையையும் கொண்டுபோகும் இழைக்கு நரம்பு என்பதே நிலைத்துவிட்டது. நல்ல தமிழ்ச்சொல், மாற்ற வேண்டியதில்லை. மூளையிலிருந்து 12 இணை, தண்டுவடத்திலிருந்து 31 இணை என்று எண்ணுகிற நரம்புகள் இவை. தமிழ்நாட்டில் நரம்பு மண்டலம் என்பதை இலங்கையில் நரம்புத்தொகுதி என்பார்கள். இங்கே நரம்புச் செல், அங்கே நரம்புக்கலம். கேட்டவுடன் புரிந்துவிடும்.

தசையை எலும்போடு கட்டுவதற்குத் தசைநாண் என்ற சொல் அருமையாக அமைந்திருக்கிறது. கிரேக்கன் நியூரானில் கண்ட அதே வில்நாண் இதிலும் இருக்கிறது. தமிழ்நாட்டில் தண்டுவடம் என்று சொல்வதை இலங்கையில் முண்ணாண் என்கிறார்கள். முள்ளந்தண்டுக்குள் ஓடும் நாண். சொல்லிப் பார்த்தாலே இனிக்கிறது.

சிக்கல் ரத்தக்குழாய்களில்தான். தமிழ்நாட்டுப் பாடநூலில் இதயத்திலிருந்து வெளியே போவது தமனி, இதயத்துக்குத் திரும்பி வருவது சிரை. இரண்டும் வடமொழி வழி வந்தவை. தமனியின் வேர் ஊதுதல். கொல்லன் துருத்தியின் ஊதல். கிரேக்கரும் தங்கள் ஆர்த்தீரியா என்ற சொல்லை மூச்சுக்குழாய்க்கும் சேர்த்தே வழங்கினார்கள். இறந்த உடலைத் திறந்தால் தமனிகள் பெரும்பாலும் காலியாகக் கிடக்கும். அதைப் பார்த்து அவற்றுக்குள் காற்றுதான் ஓடுகிறது என்று எரசிஸ்திராட்டஸ் நினைத்தார். உயிருள்ள விலங்கில் கட்டுப்போட்டு அறுத்துக்காட்டி, உள்ளே இருப்பது ரத்தமே என்று நிறுவியவர் இரண்டாம் நூற்றாண்டின் கிரேக்க மருத்துவர் கேலன். ஊதும் காற்றின் நினைவு இரண்டு மொழிகளின் சொல்லிலும் ஒட்டிக்கொண்டிருப்பது எனக்குத் தீராத வியப்பு.

இலங்கைப் பாடநூல்களில் தமனிக்கு நாடி, சிரைக்கு நாளம். நாடியும் வடமொழித் தொடர்புள்ள சொல்தான். ஆனாலும் தமனியைவிட எனக்கு அதுவே பிடித்திருக்கிறது. சித்த மருத்துவர் மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், ஐயம் பார்க்கிறாரே, அவர் விரலுக்கடியில் துடிப்பது தமனி. 'நாடி பார்ப்பது' எல்லா வீட்டுக்கும் தெரியும். துடிக்கிற குழாய் நாடி என்று சொன்னால் விளக்கம் கேட்கமாட்டார்கள். (நோய்நாடி நோய்முதல் நாடி என்ற குறளை இந்த இடத்தில் சிலர் இழுத்து வருவார்கள். அங்கே வருவது 'ஆராய்ந்து' என்ற பொருளில் வினை. கையில் துடிக்கும் நாடிக்கும் அதற்கும் தொடர்பில்லை.)

நாளம் என்ற சொல்லில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. தாமரைத் தண்டு போல உள்ளே துளையுள்ளது நாளம். தமிழ்நாட்டுச் செய்தித்தாள் 'ரத்த நாளம்' என்று எழுதும்போது எல்லா ரத்தக்குழாயையும் சொல்கிறது. 'நாளமில்லாச் சுரப்பி' என்கையில் அது வெறும் குழாய். யாழ்ப்பாணத்தில் படித்தவருக்கோ நாளம் என்றால் சிரை மட்டுமே. 'காலில் நாள அடைப்பு' என்று ஒரு குறிப்பை எழுதினால் சென்னையில் படிப்பவர் எந்தக் குழாய் என்று அறியமாட்டார், யாழ்ப்பாணத்தில் படிப்பவர் சிரை என்று முடிவே கட்டிவிடுவார். தமனி அடைத்த கால் சில மணி நேரத்தில் கையை விட்டுப் போகலாம். சிரை அடைத்தால் ரத்தக்கட்டி நுரையீரலுக்கு ஏறும் அபாயம். மருத்துவமே வேறு. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 19-ஆம் நூற்றாண்டிலேயே அமெரிக்க மிஷனரி மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் தமிழில் மேலை மருத்துவம் கற்பித்து நூல்களும் வெளியிட்டார். உடற்கூற்றியலுக்கு அங்காதிபாதம் என்று அப்போது பெயர். இத்தனை காலம் கழிந்தும் ஒரு குழாய்க்கு இரு கரையிலும் ஒரே பெயர் இல்லாதது எனக்கு வருத்தம்தான்.

நோயாளிக்காக எழுதும்போது நான் பின்பற்றுவது இது. பொதுவாகச் சொல்ல ரத்தக்குழாய். குருதி என்று எழுதவும் ஆசைதான். குறுந்தொகையின் முதல் பாட்டிலேயே காந்தளைக் குருதிப் பூ என்று பாடியிருக்கிறார்கள். ஆனால் வலியோடு படிக்கிறவருக்கு ரத்தம் என்பதே சட்டென்று பிடிபடும். பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் தமனி, சிரை என்று எழுதி, முதல்முறை வரும்போது 'இதயத்திலிருந்து கொண்டுபோகும் குழாய்', 'இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய்' என்று கூடவே சேர்த்துவிடுவேன். நாளம் என்ற சொல்லைத் தொடுவதில்லை.

இந்தப் பழக்கம் என் சித்தியால் வந்தது. பல வருடம் நின்று வேலை பார்த்தவர். கெண்டைக்காலில் புழு நெளிவது போலக் குழாய்கள் சுருண்டு புடைத்திருந்தன. ஊரில் அதற்கு நரம்பு சுருட்டு என்று பெயர். நரம்பு என்று பெயரில் இருப்பதால் நரம்பு டாக்டரிடம் போனார். நரம்புக்குச் சத்து மாத்திரையும் சாப்பிட்டார். கை கால் விழுந்துவிடுமோ என்று இரண்டு வருடம் பயந்துகொண்டே இருந்தார். கடைசியில் காலில் ஸ்கேன் எடுத்த இளம் மருத்துவர்தான், "இது நரம்பே இல்லம்மா, ரத்தக்குழாய். உள்ள இருக்கற வால்வு பழுதாயிருக்கு" என்றார்.

சிரைகளுக்குள் வால்வுகள் உண்டு. 1603-இல் இத்தாலியின் பதுவா நகரத்து உடற்கூற்றியல் பேராசிரியர் ஃபாப்ரிசியஸ் அவற்றை வரைந்து நூலாக வெளியிட்டார். அவரிடம் படித்த வில்லியம் ஹார்வி, அந்தக் கதவுகள் இதயத்தை நோக்கி மட்டுமே திறக்கின்றன என்பதையும் ஒரு சான்றாக வைத்து, ரத்தம் சுற்றி வருகிறது என்று 1628-இல் நிறுவினார். இதெல்லாம் சித்திக்குத் தெரியாது. அவர் கேட்டது ஒன்றுதான்.

"வால்வுன்னா, கிணத்து மோட்டாருக்கு அடியில ஃபுட் வால்வு போடுவாங்களே, அந்த மாதிரியா தம்பி?"

"அதேதாம்மா. ஏத்துன தண்ணி கீழ இறங்காம பிடிச்சு நிறுத்தும்ல, அதே வேலை."

"அது போச்சுன்னா தண்ணி திரும்ப கிணத்துக்கே இறங்கிரும்."

"உங்க கால்ல ரத்தம் அப்படித்தான் இறங்கித் தேங்குது."

சித்தி காலை நீட்டி அந்தச் சுருளை விரலால் தடவிப் பார்த்தார். கட்டிலில் கால்மாட்டுக்கு இரண்டு தலையணை வைத்துப் படுக்கச் சொன்னது எதற்கென்று யாரும் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.