டோல்கேட்டில் இரட்டைக் கட்டணம் கேட்டால்: ஃபாஸ்டேக் வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

எங்கள் தெருவில் குட்டியானை ஓட்டும் ஒருவர் போன மாதம் ஒரு சுங்கச்சாவடியில் இரண்டு மடங்கு கட்டணம் கட்டிவிட்டு வந்தார். ஃபாஸ்டேக் கணக்கில் அறுநூறு ரூபாய்க்கு மேல் இருந்தது. ஸ்டிக்கரில் ஒரு கீறல் இல்லை. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் கடந்த சாவடியில் ஒழுங்காகப் பணம் கழிந்திருந்தது. இங்கே மட்டும் ரீடர் படிக்கவில்லை. "டேக் ரீட் ஆகல அண்ணே, கேஷ் கட்டிட்டுப் போங்க, பின்னாடி வண்டி நிக்குது பாருங்க" என்றார்களாம். பின்னால் ஹாரன் சத்தம். கட்டிவிட்டார். அன்றைய வாடகையில் டீசல் போக அவருக்கு மிஞ்ச வேண்டியதில் பாதி அங்கேயே போய்விட்டது.

அவர் ஒரு ரூபாய்கூடக் கட்டியிருக்க வேண்டியதில்லை.

2018 மே மாதம் மத்திய அரசு தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளைத் திருத்தியது. வண்டியில் செல்லத்தக்க ஃபாஸ்டேக் இருந்து, கணக்கில் போதிய பணமும் இருந்து, சாவடியின் கருவிக் கோளாறால் பணம் கழியவில்லை என்றால், அந்த வண்டியைக் கட்டணம் வாங்காமல் விட வேண்டும். பூஜ்யம் ரூபாய் என்று அச்சிட்ட ரசீதும் கட்டாயம் கொடுக்க வேண்டும். இதை 'ஜீரோ டிரான்சாக்‌ஷன்' ரசீது என்பார்கள். இந்த விதியை எழுதி மாட்டிய பலகையை நான் போன எந்தச் சாவடியிலும் பார்த்ததில்லை. ஃபாஸ்டேக் இல்லாவிட்டால் இரட்டைக் கட்டணம் என்ற பலகையை மட்டும் எல்லா இடத்திலும் பார்த்திருக்கிறேன்.

ஃபாஸ்டேக் ஒரு ரேடியோ அலை அடையாள ஸ்டிக்கர். அதில் பேட்டரி கிடையாது, பணமும் கிடையாது. ரீடர் அனுப்பும் அலையில் விழித்துத் தன் எண்ணைச் சொல்கிறது, அவ்வளவுதான். பணம் அந்த எண்ணோடு இணைத்த வாலட்டிலிருந்தோ (முன்பணம் போட்டுவைக்கும் கணக்கு) வங்கிக் கணக்கிலிருந்தோ போகிறது. 2021 பிப்ரவரி 15 நள்ளிரவிலிருந்து தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளின் எல்லாப் பாதைகளும் ஃபாஸ்டேக் பாதைகள் ஆகிவிட்டன. பின்னணி இது போதும்.

சாவடியில் "ரீட் ஆகல" என்று சொன்னால் உடனே பணத்தை எடுக்காதீர்கள். "என் டேக் பிளாக்லிஸ்ட் ஆகியிருக்கிறதா, அல்லது உங்கள் ரீடர் படிக்கவில்லையா?" என்று கேளுங்கள். இரண்டும் வேறு வேறு. பிளாக்லிஸ்ட் என்றால் ரீடர் ஸ்டிக்கரைப் படித்துவிட்டது, வங்கிதான் மறுக்கிறது; அப்போது குறை உங்கள் பக்கம். படிக்கவே இல்லை என்றால் கையில் பிடிக்கும் ரீடரைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அது படித்தால் சாதாரணக் கட்டணம் கழியும், கிளம்பலாம். அதுவும் இல்லை, வேலை செய்யவில்லை என்றால் போனில் வங்கிச் செயலியைத் திறந்து, டேக் 'ஆக்டிவ்' என்பதையும் இருப்பையும் காட்டி, பூஜ்ய ரசீது கேளுங்கள். அதற்கு முன் உங்கள் ஸ்டிக்கர் கண்ணாடியில் சரியாக ஒட்டியிருக்க வேண்டும். கையில் எடுத்துக் காட்டும் டேக்கைப் பிளாக்லிஸ்ட் செய்யச் சொல்லி 2025 ஜூலையிலேயே தேசிய நெடுஞ்சாலை ஆணையம் உத்தரவு போட்டுவிட்டது. டாஷ்போர்டில் வைத்துக்கொண்டு போகிறவர்கள் முதலில் இதைச் சரிசெய்யுங்கள்.

குறை உங்கள் பக்கம்தான் என்று தெரிந்தாலும் ரொக்கம் கொடுக்காதீர்கள். 2025 நவம்பர் 15 முதல் விதி மாறிவிட்டது. கட்டணம் 100 ரூபாய் என்றால், செல்லும் டேக் இல்லாத வண்டி ரொக்கமாகக் கட்டினால் 200, யு.பி.ஐ.யில் கட்டினால் 125. "க்யூஆர் வேலை செய்யல" என்ற பதில் வரலாம். அவர்கள் க்யூஆர் வேலை செய்யாததற்கு நீங்கள் ஏன் 75 ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்? மேலாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள். வேறு வழியில்லாமல் ரொக்கம் கொடுத்தால், ரசீது இல்லாமல் நகராதீர்கள். சில சமயம் கையில் வாங்கியதும் போக, இரண்டு மணி நேரம் கழித்து கணக்கிலும் கழிந்துவிடும். அப்போது அந்தத் துண்டுச் சீட்டுதான் உங்களுக்கு ஒரே சாட்சி. அது வெயிலில் மங்கிப்போகும் காகிதம், அங்கேயே ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள்.

பிளாக்லிஸ்ட் ஏன் ஆகிறது என்பதை யாரும் தெளிவாகச் சொல்வதில்லை. இருப்புக் குறைவு ஒன்றுதான் எல்லோருக்கும் தெரிந்த காரணம். அதைவிட அதிகமாக ஆட்களை மாட்டவைப்பது கே.ஒய்.சி. (அடையாள, முகவரிச் சரிபார்ப்பு) முடியாத கணக்கு, ஆர்.சி.யில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகாத வண்டி எண், ஒரே வண்டிக்கு இரண்டு டேக். புது வண்டி வாங்கும்போது ஷோரூமிலேயே சேசிஸ் எண்ணை வைத்து டேக் கொடுத்துவிடுவார்கள். பதிவு எண் வந்த பிறகு அதை வங்கியில் சேர்க்க வேண்டும் என்று சொல்ல மாட்டார்கள். பல மாதம் ஒழுங்காக ஓடும், திடீரென்று ஒருநாள் நிற்கும். பழைய வண்டி வாங்கியவர்கள் முந்தைய உரிமையாளரின் ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதியது ஒட்டினால் போதும் என்று நினைக்கிறார்கள். பழைய டேக் வங்கிக் கணக்கில் உயிரோடுதான் இருக்கும்.

சாவடிக்கு ஒரு மணி நேரத்துக்கு முன் ரீசார்ஜ் செய்யாவிட்டால் பணம் கழியாது என்று 2025 பிப்ரவரியில் பெரிய பீதி கிளம்பியது. அது வங்கிகளுக்கு இடையில் வரும் தகராறுகளைத் தீர்ப்பதற்கான விதி, தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளில் பயணிகளைப் பாதிக்காது என்று ஆணையமே விளக்கம் கொடுத்தது. ஆனால் மாநில நெடுஞ்சாலைச் சாவடிகள் சிலவற்றில் டேக்கின் நிலை உடனுக்குடன் புதுப்பிக்கப்படுவதில்லை என்பதையும் அதே விளக்கத்தில் ஒத்துக்கொண்டார்கள். அதனால் முந்தின நாள் இரவே ரீசார்ஜ் செய்துவிடுங்கள். வரிசையில் நின்றுகொண்டு செய்யாதீர்கள்.

அடுத்தது வருடாந்திர பாஸ். 2025 ஆகஸ்ட் 15-ல் 3,000 ரூபாய்க்கு அறிமுகமானது. ஒரு வருடம் அல்லது 200 பயணம், எது முதலில் முடிகிறதோ அதுவரை. சொந்த உபயோகத்துக்கான கார், ஜீப், வேனுக்கு மட்டும்தான். மஞ்சள் போர்டு வண்டிக்குக் கிடையாது. சொந்தக் காரில் பாஸ் எடுத்துவிட்டு வாடகைக்கு ஓட்டினால் முன்னறிவிப்பு இல்லாமல் முடக்குவார்கள். ஒரு சாவடியைக் கடந்தால் ஒரு பயணம், திரும்பி வந்தால் இன்னொன்று. சென்னையிலிருந்து திருச்சி போகிறவருக்கு வழியில் எத்தனை சாவடி என்று எண்ணிப் பார்த்தால் 200 எவ்வளவு சீக்கிரம் தீரும் என்று தெரியும்.

பாஸ் எடுத்தவர்கள் அதிகம் ஏமாறுவது மாநிலச் சாலைகளில். உத்தண்டியில் கிழக்குக் கடற்கரைச் சாலை சாவடியும் வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையும் தேசிய நெடுஞ்சாலை அல்ல. அங்கே பாஸ் செல்லாது, வாலட்டிலிருந்துதான் பணம் போகும். பாஸ்தான் இருக்கிறதே என்று வாலட்டைக் காலியாக விட்டவர்கள் அங்கே போய் மாட்டிக்கொள்கிறார்கள். சேசிஸ் எண்ணில் மட்டும் இருக்கும் டேக்குக்குப் பாஸ் தர மாட்டார்கள். பாஸ் கிடைக்கும் இடம் ராஜ்மார்க்யாத்ரா செயலியும் ஆணையத்தின் இணையதளமும்தான். வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பிக் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்பவர் யாராக இருந்தாலும் திருடர். ஓ.டி.பி. சொல்லாதீர்கள்.

சாவடிக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் படும் பாடு தனி. 20 கிலோமீட்டருக்குள் இருந்தால் இலவசம் என்று ஊர் முழுக்க நம்புகிறார்கள். 2024 செப்டம்பரில் வந்த அந்த 20 கிலோமீட்டர் சலுகை, செயற்கைக்கோள் வழியாகக் கட்டணம் கணக்கிடும் கருவி பொருத்திய வண்டிகளுக்கு. உங்கள் கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக்குக்கு அது பொருந்தாது. உங்களுக்கு உள்ளது 2008 விதிகளின்படியான உள்ளூர் மாதப் பாஸ். சொந்த உபயோக வண்டியாக இருக்க வேண்டும், வீடு சாவடியிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். தொகை முந்நூறு ரூபாய்க்கு மேல், ஒவ்வொரு ஏப்ரலிலும் கூடும். சர்வீஸ் ரோடோ மாற்றுப் பாதையோ இருந்தால் பாஸ் இல்லை என்று விதியிலேயே ஒரு வரி இருக்கிறது. அந்த வரியைக் காட்டித்தான் பலரைத் திருப்பி அனுப்புகிறார்கள். எந்த மாற்றுப் பாதை என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் சொல்கிற காரணத்தை எதிர்த்து எங்கேயும் மேல்முறையீடு செய்ய முடியாது. ஆதாரில் பழைய முகவரி இருந்தாலும் திருப்பி அனுப்புவார்கள், அதை முதலில் மாற்றிக்கொண்டு போங்கள். மதுரைப் பக்கம் திருமங்கலத்துக்காரர்கள் கப்பலூர் சாவடியை எதிர்த்து வருடக்கணக்கில் போராடியது உள்ளூர் வண்டிகளிடமும் கட்டணம் கேட்டதால்தான்.

எனக்கு அதிகம் வலித்தது மாற்றுத்திறனாளிகள் விஷயம். அடையாள அட்டையைக் காட்டினால் விடுவார்கள் என்று நம்பிப் போய், சாவடியில் அவமானப்பட்டு, கட்டணமும் கட்டிவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். விதி சொல்வது, உடல் குறைபாடு உள்ளவர் பயன்படுத்துவதற்கென்றே வடிவமைத்துக் கட்டிய வண்டிக்கு விலக்கு என்று. விலக்கு வண்டிக்குத்தான், ஆளுக்கு இல்லை. நீங்கள் பிள்ளையின் காரில் பின்சீட்டில் உட்கார்ந்து போனால் கட்டணம் உண்டு. மாற்றியமைத்த வண்டியாகவே இருந்தாலும் ஆர்.சி.யில் அது பதிவாகியிருக்க வேண்டும். அதன் பிறகும், வங்கி கொடுத்த சாதாரண டேக் போதாது. விலக்கு பெற்ற டேக்குக்கு நெடுஞ்சாலை ஆணையத்திடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஆக, முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகம், அப்புறம் ஆணையம். இந்த வரிசையை மாற்றினால் ஆணையத்திலிருந்து விண்ணப்பம் திரும்பும். நடக்க முடியாத ஒருவரை இத்தனை அலுவலகப் படி ஏறவைப்பதற்குப் பெயர் சலுகையா என்று தெரியவில்லை.

வண்டி வீட்டில் நிற்கும்போதே பணம் கழிந்தால்? இது நிறையப் பேருக்கு நடக்கிறது. யாரோ சாவடியில் வண்டி எண்ணைக் கையால் தட்டும்போது தவறாக உங்கள் எண்ணை அடித்திருப்பார்கள். சாவடியில் கேட்டால் வங்கியைக் கேளுங்கள் என்பார்கள். வங்கிக் கிளையில் கேட்டால் டோல்கேட்டில் கேளுங்கள் என்பார்கள். கிளையில் இருப்பவர்களுக்கு ஃபாஸ்டேக் பற்றி ஒன்றும் தெரியாது, அங்கே போய் நாளைக் கழிக்காதீர்கள். பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு ஸ்டிக்கர் கொடுத்த வங்கியிடம் தொடங்குகிறது. அந்த வங்கியின் ஃபாஸ்டேக் உதவி எண்ணிலோ செயலியிலோ புகார் பதிந்து, எண் வாங்குங்கள். அதே நாளில் தேசிய நெடுஞ்சாலை உதவி எண்ணான 1033-க்கும் அழைத்துப் புகார் எண் வாங்குங்கள். தவறாகக் கழித்த சாவடி நடத்துநர்களுக்கு ஒரு லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் அபராதம் போட்டது இப்படிப்பட்ட புகார்களை வைத்துத்தான். அந்த நேரத்தில் வண்டி வேறு இடத்தில் இருந்ததற்கு சாட்சி வேண்டும்: அபார்ட்மென்ட் கேமரா, அலுவலக பார்க்கிங் பதிவு, பெட்ரோல் பில், எதுவானாலும் சரி.

30 நாளில் வங்கி பதில் சொல்லாவிட்டாலோ மறுத்தாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே புகார் செய்யலாம், செலவு கிடையாது. விவரம் கேட்க 14448. வங்கியில் முதலில் புகார் பதிந்ததற்கு எண் இல்லையென்றால் அங்கே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதனால்தான் ஒவ்வொரு இடத்திலும் எண்ணை வாங்குங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

சாவடியில் 100 மீட்டருக்கு மேல் வரிசை நின்றால் இலவசமாகப் போகலாம் என்ற 2021 அறிவிப்பை இன்னும் சிலர் காட்டிச் சண்டை போடுகிறார்கள். அதை ஆணையம் 2024-ல் திரும்பப் பெற்றுவிட்டது. அதை நம்பி வாக்குவாதம் செய்தால் நீங்கள்தான் தோற்பீர்கள்.

வண்டியை விற்கிறீர்கள் என்றால், சாவியைக் கொடுக்கும் நாளிலேயே வங்கியில் டேக்கை மூடச் சொல்லுங்கள். ஸ்டிக்கரைக் கிழித்தால் மட்டும் கணக்கு மூடப்படாது. மூடினால் மீதி இருப்பும், தொடக்கத்தில் கட்டிய முன்வைப்புத் தொகையும் திரும்ப வர வேண்டும். அந்த முன்வைப்புத் தொகையைப் பெரும்பாலானவர்கள் மறந்தே போயிருப்பார்கள். வங்கி தானாக நினைவுபடுத்தாது, நீங்கள்தான் கேட்க வேண்டும்.