கார்ப்பரேட் டிரஸ்டி: ஓய்வூதியத்தைக் காக்கும் நிறுமம்

டிரஸ்ட் ஒன்றின் சொத்தைத் தனி மனிதர்களுக்குப் பதிலாகத் தன் பெயரில் வைத்து, பயனாளிகளின் நலனுக்காக நிர்வகிக்கும் கம்பெனியே கார்ப்பரேட் டிரஸ்டி. பிரிட்டனில், நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்காக அமைக்கும் ஓய்வூதியத் திட்டங்களில் இச்சொல் அன்றாடம் புழங்குகிறது. 'டிரஸ்ட்', உறுதியையும் நம்பிக்கையையும் குறித்த பழைய நார்ஸ் மொழிச் சொல்லோடு உறவுடையது. 'டிரஸ்டி' நம்பி ஒப்படைக்கப்பட்டவர். 'கார்ப்பரேட்' என்பதன் வேர், உடலைக் குறிக்கும் லத்தீன் சொல்லான 'கோர்ப்பஸ்'. சட்டம் உண்டாக்கிய உடலொன்றை நம்பிப் பொருளை ஒப்படைப்பது என்பதே இரண்டும் சேர்ந்து தரும் பொருள்.

இந்த ஏற்பாட்டின் முதற்பயன் தொடர்ச்சி. தனி மனிதர்கள் பொறுப்பாளர்களாக (டிரஸ்டிகளாக) இருந்தால், ஒருவர் இறந்தாலோ விலகினாலோ புதியவரை ஆவணத்தின் மூலம் நியமித்து, பங்குகள் முதலான சொத்துகளையும் அவர் பெயர் சேருமாறு மாற்றியெழுத வேண்டும். கம்பெனி பொறுப்பேற்றிருந்தால், இயக்குநர்கள் எத்தனை முறை மாறினாலும் சொத்தின் பெயர் மாறுவதில்லை. இத்தகைய கம்பெனி பெரும்பாலும் அந்த ஒரு திட்டத்துக்காகவே தொடங்கப்பட்டு, வேலை வழங்கும் நிறுவனத்தின் உடைமையாக இருக்கும். அண்மைக் காலத்தில் தொழில்முறைக் கம்பெனியொன்றைத் ஒரே பொறுப்பாளராக அமர்த்தும் வழக்கமும் வளர்ந்துள்ளது.

இரண்டாவது பயன், இயக்குநர்களுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு; இது நுட்பமானது. இங்கே பொறுப்பாளர் கம்பெனிதான். அதன் கூட்டத்தில் அமர்ந்து முடிவெடுப்போர் இயக்குநர்கள் மட்டுமே. அவர்களுடைய கடமை பொதுவாகக் கம்பெனிக்கு உரியது, நேரடியாகப் பயனாளிகளுக்கு அன்று என்று 1997இல் ஆங்கில நீதிமன்றம் ஒன்று கூறியது. இதனால் இயக்குநர்கள் முற்றிலும் தப்பிவிடுவார்கள் என்று கொள்வது தவறு. 1991 நவம்பரில் பிரிட்டிஷ் பத்திரிகை அதிபர் ராபர்ட் மேக்ஸ்வெல் இறந்தபின், அவருடைய நிறுவனங்களின் ஓய்வூதிய நிதிகளில் 40 கோடி பவுண்டுக்கு மேல் காணாமற்போனது வெளிப்பட்டது. அச்சொத்துகளில் பெரும் பகுதியைத் தன்வசம் வைத்திருந்த பிஷப்ஸ்கேட் இன்வெஸ்ட்மென்ட் மேனேஜ்மென்ட் ஒரு டிரஸ்டி கம்பெனியே. அதன் இயக்குநரும் ராபர்ட்டின் மகனுமான இயான் மேக்ஸ்வெல், அது காத்துவந்த பங்குகளை ஈடின்றிக் குடும்ப நிறுவனமொன்றுக்கு மாற்றும் படிவங்களில் கையொப்பமிட்டமைக்காகப் பொறுப்பேற்க வேண்டும் என்று 1993இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்மேல் வழக்குத் தொடுத்தது ஓய்வூதியர்கள் அல்லர், கலைப்பில், அதாவது மூடி முடிக்கும் நடவடிக்கையில், இருந்த அந்தக் கம்பெனி என்பதுதான் கவனிக்க வேண்டியது.

மேக்ஸ்வெல் விவகாரத்தின் விளைவாக வந்த 1995ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டம், பொதுவான குடிசார் தண்டத்தின் (குற்ற வழக்கின்றி விதிக்கப்படும் அபராதத்தின்) உச்சவரம்பைத் தனி மனிதருக்கு 5,000 பவுண்டு, ஏனையோருக்கு 50,000 பவுண்டு என வகுத்தது. கம்பெனியின் தவறு இயக்குநரின் உடன்பாட்டாலோ அசட்டையாலோ நேர்ந்ததாயின் அவர்மேல் தண்டம் விதிக்கலாம். 2004ஆம் ஆண்டுச் சட்டம், பொறுப்பாளர்களில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கினர் திட்டத்தின் உறுப்பினர்கள் முன்மொழிந்தவர்களாக இருக்க வேண்டும் என்றும், கம்பெனி பொறுப்பாளராக உள்ள இடத்தில் அதே விதி இயக்குநர்களுக்குப் பொருந்தும் என்றும் கூறுகிறது. ஆனால் வேலை வழங்குநரோடு தொடர்பற்ற கம்பெனி ஒரே பொறுப்பாளராக இருந்தால் இவ்விதியிலிருந்து விலக்கு உண்டு; ஊழியரின் குரல் அங்கே மங்குகிறது என்ற குறை நியாயமானதே.

இதனைத் தமிழில் எவ்வாறு சொல்வது? தமிழ்நாட்டில் கோயில் நிர்வாகத்தின் வழியே பரவிய 'அறங்காவலர்' முதலில் நினைவுக்கு வரும். அதில் அறக்கொடையின் சாயல் உண்டு. ஓய்வூதியமோ கொடையன்று, உழைப்புக்குப் பின்னர் கொடுபடும் ஊதியம். 'அறங்காவலர் குழு' இன்னும் பொருந்தாது, ஏனெனில் குழு என்றதும் பலர் சேர்ந்து பொறுப்பேற்பதாகப் பொருள்பட்டு, தனிச் சட்ட உடல் என்ற கருத்து மறைந்துவிடுகிறது. இலங்கைச் சட்டத் தமிழ் 'நம்பிக்கைப் பொறுப்பு', 'நம்பிக்கைப் பொறுப்பாளர்' என்கிறது. மூலத்தின் பொருளுக்கு இதுவே நெருக்கம். தமிழ்நாட்டு வணிகவியல் நூல்கள் கம்பெனிக்கு வழங்கும் 'நிறுமம்' என்ற சொல்லோடு இணைத்து 'நம்பிக்கைப் பொறுப்பாளர் நிறுமம்' என்பதையே நான் பரிந்துரைப்பேன். முன்பின் விளங்கும் இடத்தில் 'பொறுப்பாளர் நிறுமம்' போதும். அதில் அமர்ந்திருப்பவரை 'பொறுப்பாளர்' என்று எழுதாமல் 'பொறுப்பாளர் நிறுமத்தின் இயக்குநர்' என்றே எழுத வேண்டும்.