மென்மையான தோல் உள்ள குதிரைக்குச் சேண விரிப்பு எப்படித் தேர்ந்தெடுப்பது?

சென்ற கோடையில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு சவாரிப் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. அங்கிருந்த செந்நிறப் பெட்டைக் குதிரை ஒன்று, சேணத்தைக் கண்டாலே காதுகளைப் பின்னால் மடக்கிக்கொண்டு கடிக்க வந்தது. அதற்குத் திமிர் ஏறிவிட்டது என்பது பயிற்சியாளரின் முடிவு. நான் அதன் முதுகில் உள்ளங்கையை வைத்து, தோளுக்குப் பின்னாலிருந்து இடுப்பு வரை மெல்ல நகர்த்தியபோது, பயறு அளவில் சிறு சிறு தடிப்புகள் கையில் தட்டுப்பட்டன. மயிரை விலக்கிப் பார்த்தபோது, அந்தத் தடிப்புகள் சேணத்துக்கு அடியில் விரித்திருந்த விரிப்பின் எல்லையோடு நின்றுவிட்டதும், அதற்கு ஓர் அங்குலம் வெளியே தோல் வழுவழுப்பாக இருந்ததும் தெளிவாகத் தெரிந்தன. அந்தக் குதிரையைப் பல ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்ளும் பெரியவரிடம், "அண்ணே, இந்த விரிப்பு எப்போ வாங்கினது?" என்று கேட்டேன். "பதினஞ்சு நாள்தான் ஆகுது டாக்டர். அதுக்கு முன்னாடி பருத்திதான் போட்டுக்கிட்டிருந்தோம்," என்றார்.

புதிய விரிப்பு நியோபிரீனால் ஆனது. வழுக்காது, பார்வைக்கும் உறுதியாக இருக்கும் என்பதால் பலரும் அதை விரும்பி வாங்குகிறார்கள். ஆனால் அது ஒரு வகைச் செயற்கை ரப்பர். அதைப் பதப்படுத்தச் சேர்க்கும் வேதிப்பொருள்கள் சில குதிரைகளுக்கு, மனிதர்களுக்குக் கையுறையால் வருவதைப் போன்ற ஒவ்வாமையை உண்டாக்கும். காற்றும் வியர்வை ஆவியும் அதன் வழியே வெளியேற முடியாததால், அடியில் உள்ள தோல் வெந்நீரில் ஊறியதுபோல் ஆகிவிடுகிறது. சென்னையின் மே மாதப் புழுக்கத்தில் இது என்ன செய்யும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

விலாவில் ஓர் ஈ உட்கார்ந்தால், அந்த இடத்துத் தோலை மட்டும் சுண்டி உதறும் உயிர் குதிரை. அவ்வளவு நுண்ணிய உணர்வுள்ள தோலின் மீதுதான் சேணமும் சவாரி செய்பவரும் சேர்ந்து எண்பது, தொண்ணூறு கிலோ எடையை ஏற்றுகிறோம். கடும் வெப்பத்தில் நன்றாக உழைக்கும் குதிரை ஒரு மணி நேரத்தில் பத்து லிட்டருக்கும் மேல் வியர்வை சிந்தக்கூடும். அந்த வியர்வையில் லாதரின் என்னும் புரதம் இருக்கிறது. உராயும் இடத்தில் சோப்பு நுரைபோல் வெள்ளையாகப் பொங்குவதற்கு அதுவே காரணம். இந்த நுரையும் உப்பும் விரிப்பில் காய்ந்து படிந்தால், மறுநாள் அதே விரிப்பு உப்புத்தாள்போல் தோலைத் தேய்க்கும். ஆகவே "என் குதிரைக்கு மென்மையான தோல்" என்று யாராவது சொன்னால், நான் குதிரையைப் பார்ப்பதற்கு முன் அதன் விரிப்பைத்தான் வாங்கிப் பார்ப்பேன்.

துணி வகைகளில் என் முதல் தேர்வு கம்பளி. தன் எடையில் ஏறத்தாழ முப்பது விழுக்காடு ஈரத்தை உறிஞ்சிக்கொண்ட பிறகும் அது தொடுவதற்கு ஈரமாகத் தெரியாது. எடையையும் ஓரிடத்தில் குவியவிடாமல் பரப்பித் தரும். ஆங்கிலத்தில் சேண விரிப்புக்கு வழங்கும் நம்னா என்ற பெயரே, அழுத்திய கம்பளியைக் குறிக்கும் நம்தா என்ற உருதுச் சொல்லிலிருந்து போனதுதான். செம்மறித் தோல் விரிப்பு இன்னும் மென்மையானது, ஆனால் விலையும் பராமரிப்பும் அதிகம். அதுபோலவே தோற்றமளிக்கும் பாலியஸ்டர் விரிப்பு சில வாரங்களில் முடிச்சு முடிச்சாகத் திரண்டுவிடும். ஒவ்வொரு முடிச்சும் ஓர் உறுத்தல். வாங்கும்போது கையால் நெருடிப் பார்த்தும், ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்தும் தெளிந்துகொள்ளுங்கள். கம்பளியே ஒத்துக்கொள்ளாத குதிரையும் அரிதாக உண்டு. அதற்கும், வாங்கும் வசதி இல்லாதவர்களுக்கும் சாயம் போடாத வெள்ளைப் பருத்தி நல்லது. பருத்தி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் குதிரைக்கு இரண்டு மூன்று விரிப்புகளாவது வேண்டும். அடர்ந்த நிற விரிப்பாக இருந்தால், முதல் சவாரிக்கு முன்பே சாயம் போகும்வரை அலசிவிடுங்கள்.

எந்தத் துணியானாலும் அளவும் அமைப்பும் சரியாக இருக்க வேண்டும். விரிப்பு சேணத்தைவிட எல்லாப் பக்கமும் சற்று வெளியே நீண்டிருக்க வேண்டும். இல்லையென்றால் அதன் தடித்த ஓரத் தையல் சேணத்துக்கும் முதுகுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு கோடு கோடாகப் புண்ணாக்கும். வயிற்றுப் பட்டையை இறுக்குவதற்கு முன், பிடரி முடியும் இடத்திலுள்ள மேட்டின் மீது விரிப்பு அழுந்தாதபடி, அதைச் சேணத்தின் முன்வளைவுக்குள் கையால் தூக்கிவிட வேண்டும். இந்த ஒரு வேலையைச் செய்யாததால் வரும் புண்களே நான் பார்ப்பவற்றில் மிகுதி.

இன்னொரு பழக்கத்தைக் கண்டால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. சேணம் பொருந்தாதபோது, அதைச் சரிசெய்யாமல் விரிப்பின் மேல் விரிப்பாக அடுக்குகிறார்கள். இறுக்கமான செருப்புக்குள் தடித்த காலுறை போட்டால் கால் என்னவாகுமோ, அதுதான் அங்கே முதுகுக்கும் ஆகிறது. புண் வந்த பிறகு, அந்த இடத்துக்கு நேராக விரிப்பில் வட்டமாக ஓட்டை வெட்டுவதும் உண்டு. அப்போது அழுத்தமெல்லாம் ஓட்டையின் விளிம்புக்கு மாறி, புண்ணைச் சுற்றி வளையமாக வீக்கம் எழும். முதுகில் தோல் கிழிந்தோ, சூடாக வீங்கியோ இருந்தால், ஆறும்வரை சேணமே போடக் கூடாது. பழைய இன்ஜின் ஆயில், மண்ணெண்ணெய் போன்றவற்றை எக்காரணம் கொண்டும் பூசாதீர்கள்.

சவாரி முடிந்து சேணத்தை இறக்கியதும் முதுகில் உள்ள வியர்வைத் தடத்தைப் பாருங்கள். முதுகெலும்பின் நெடுகக் காய்ந்திருந்து, இருபுறமும் ஒரே சீராக நனைந்திருந்தால் நல்லது. நனைந்த பரப்பின் நடுவே உள்ளங்கையளவு காய்ந்த திட்டு இருந்தால், அங்கே அழுத்தம் மிகுந்து வியர்வை வராமல் போயிருக்கலாம் என்று ஐயப்பட வேண்டும். அது கவனிக்கப்படாமல் தொடர்ந்தால், மயிர்க்காலில் உள்ள நிறமிச் செல்கள் அழிந்து, அந்த இடத்தில் வெள்ளை மயிர் முளைக்கும்.

எல்லாத் தடிப்பும் ஒவ்வாமை அல்ல. வட்ட வட்டமாக மயிர் உதிர்ந்து செதில் படர்ந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். அதன் பூஞ்சை வித்துகள் விரிப்பிலும் தூரிகையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும், மனிதர்களுக்கும் தொற்றும். மழைக்காலத்திலும், கொடைக்கானல், உதகை போன்ற ஈரமான மலைப்பகுதிகளிலும் பொருக்குப் பொருக்காக மயிர்க்கற்றையோடு பெயர்ந்து வரும் பாக்டீரியா நோயும் உண்டு. இவற்றுக்கு எவ்வளவு விலையுயர்ந்த விரிப்பும் மருந்தாகாது. மருத்துவர் தோலைச் சுரண்டிப் பரிசோதித்த பிறகே சிகிச்சை தொடங்க வேண்டும். ஒரு குதிரையின் விரிப்பை மற்றொரு குதிரைக்குப் போடுவதை இன்றே நிறுத்திவிடுங்கள்.

அந்தச் செந்நிறக் குதிரைக்குப் பழைய பருத்தி விரிப்புக்கே திரும்பச் சொல்வதற்கு முன், துவைத்துக் காயவைத்திருந்த அதை ஒரு வாளித் தெளிந்த நீரில் போட்டுக் கலக்கினேன். வாளியின் விளிம்பு வரை நுரை எழும்பியது. சலவைத்தூள் அதில் அவ்வளவு மிஞ்சியிருந்தது. வாசனையில்லாத சலவைத்திரவத்தைப் பாதியளவு மட்டும் பயன்படுத்தி, நுரை நிற்கும்வரை அலசி, வெயிலில் நன்றாகக் காயவைக்கும்படி சொன்னேன். கம்பளி விரிப்பானால் குளிர்ந்த நீரும் நிழலும்தான். வெந்நீர் அதைச் சுருக்கிவிடும். பத்து நாள் சேணமில்லாமல் ஓய்வு, பிறகு முதல் வாரம் இருபது நிமிடச் சவாரி என்று முறை வகுத்தோம். மூன்றாம் வாரம் நான் போனபோது தடிப்புகள் அடங்கியிருந்தன. லாயத்துச் சுவரில் அதற்கென்று தனி ஆணி அடித்து, மூன்று வெள்ளை விரிப்புகளைத் தொங்கவிட்டிருந்தார் பெரியவர். அவர் சேணத்தை எடுத்து வந்தபோது, குதிரை காதுகளை மடக்கவில்லை.