அப்பாச்சி: ஒரு பெயர், பல மொழிகள்

அப்பாச்சி என்றதும் நம்மூர் இளவட்டங்களுக்கு டிவிஎஸ் பைக் நினைவுக்கு வரும். கணினிக்காரர்களுக்கு வலை வழங்கி மென்பொருள். யாழ்ப்பாணத்தாருக்கோ அது அப்பாவைப் பெற்ற ஆச்சி. நாம் பார்க்கப்போவது அரிசோனா, நியூ மெக்சிகோ, ஓக்லஹோமா பக்கம் வாழும் அமெரிக்கப் பழங்குடியினரையும் அவர்கள் பேச்சையும் குறிக்கும் சொல்லை.

இது அவர்கள் தமக்குத் தாமே வைத்துக்கொண்ட பெயரல்ல. நியூ மெக்சிகோவின் சூனி என்னும் பழங்குடி மக்கள், அப்பாச்சிகளின் உறவினரான நவஹோ இனத்தவரைச் சுட்டிய 'ஆபாச்சு' என்ற சொல்லை ஸ்பானியர் எடுத்துக்கொண்டார்கள் என்பதே அகராதிகள் பெரும்பாலும் காட்டும் மூலம். 'பகைவர்' என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். 1598இல் ஹுவான் தே ஒன்யாதே நியூ மெக்சிகோவில் ஸ்பானியக் குடியேற்றத்தைத் தொடங்கிய காலத்திலேயே அது ஏட்டில் ஏறிவிட்டது. கிளைப் பெயர்களும் வெளியார் வைத்தவைதான். மெஸ்கால் என்னும் கற்றாழையைச் சுட்டுத் தின்றவர்கள் மெஸ்கலேரோ. ஹிக்கரியா என்பது சிறு கூடையைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்.

தம்மை அவர்கள் சொல்லிக்கொள்வது வேறு. மெஸ்கலேரோவில் 'ந்தே', ஹிக்கரியாவில் 'தின்தே', நெருங்கிய உறவான நவஹோவில் 'தினே'. எல்லாவற்றுக்கும் பொருள் ஒன்றே: மக்கள். கனடாவின் வடக்கே வாழும் 'தெனே' மக்களின் பெயரும் இதே வேரில் முளைத்தது. அத்தபாஸ்கன் என்னும் மொழிக் குடும்பத்தின் தென்கோடிக் கிளைதான் அப்பாச்சியும் நவஹோவும்.

கிளை என்றாலும் ஒரே மொழி என்று எண்ணிவிடக் கூடாது. தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். நவஹோவில் 'தோ'. மேற்கு அப்பாச்சி, மெஸ்கலேரோ, சிரிகாவா என்ற அப்பாச்சிக் கிளைகள் மூன்றிலும் 'தூ'. ஹிக்கரியாவிலும் லிப்பான் என்ற இன்னொரு கிளையிலும் 'கோ'. ஒரு சொல்லில் நேர்ந்த விபத்தல்ல இது. சொல்லடியின் முதலில் நின்ற தகரம் கிழக்குப் பக்கத்து மொழிகளில் வரிசையாகக் ககரமாகிவிட்டது. தமிழின் பால் கன்னடத்தில் ஹாலு ஆனதைப் போல. 1938இல் மொழியியலாளர் ஹாரி ஹாய்ஜர் இந்தத் த–க வேறுபாட்டை அளவுகோலாக வைத்தே இம்மொழிகளை மேற்கு, கிழக்கு என்று பிரித்தார். வேடிக்கை என்னவென்றால், நெருப்புக்கான சொல்லும் 'கோ'வை ஒட்டியதே. ஹிக்கரியாவில் உயிர் மூக்கொலி பெற்று, முடிவில் தொண்டை அடைத்தால் நெருப்பு, இல்லையேல் நீர். தமிழ் எழுத்தில் இந்த வேறுபாட்டைக் காட்ட வழியே இல்லை.

மெஸ்கலேரோவையும் சிரிகாவாவையும் ஒரு மொழியின் இரு வட்டார வழக்குகள் எனலாம். ஹிக்கரியாவை அப்படிச் சேர்க்க முடியாது. சமவெளி அப்பாச்சி என்னும் கிளை இன்னும் விலகியது. அதைச் சரளமாகப் பேசிய கடைசி மனிதர் 2008இல் மறைந்தார்.

சொல்லாக்கத்தில் என்னைக் கவர்ந்தது மேற்கு அப்பாச்சி. கார் வந்தபோது அவர்கள் ஆங்கிலத்தைக் கடன் கேட்கவில்லை. உடம்பைக் கொண்டே பெயர் வைத்தார்கள். முன்விளக்கு கண், பானெட் மூக்கு, பெட்ரோல் டாங்க் வயிறு, பேட்டரி ஈரல். மானிடவியலாளர் கீத் பாஸோ 1960களில் இதைப் பதிவு செய்தார். கலைச்சொல் கேட்டால் உடனே வடமொழிக்கோ கிரேக்கத்துக்கோ ஓடுபவர்கள் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

தமிழில் எப்படி எழுதுவது? 'அபாச்சி' என்றால் அபாயத்தில் வரும் பகரம்போல மெலிந்துவிடும். ஆகவே வல்லினம் இரட்டித்த 'அப்பாச்சி'யே சரி. மொழியைச் சொல்லும்போது 'அப்பாச்சி மொழி' என்று ஒருமையில் எழுதாமல் 'அப்பாச்சி மொழிகள்' என்றோ, 'மேற்கு அப்பாச்சி' எனக் கிளை சுட்டியோ எழுதுவது நல்லது. அவர்கள் தமக்கு இட்ட பெயரை எழுத விரும்பினால், மெய்யில் தொடங்க முடியாத நம் மரபுப்படி ஓர் இகரம் சேர்த்து 'இந்தே' எனலாம். 'பகைவர்' என்று மொழிபெயர்ப்பது மட்டும் வேண்டாம். அது அண்டை வீட்டார் பேச்சு.

யாழ்ப்பாணத்து வாசகருக்காக முதல் இடத்தில் 'அப்பாச்சி இனத்தவர்' என்று எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் 'அப்பாச்சி குதிரையேறி வந்தார்' என்று படித்ததும் அவர் மனத்தில் வேறு படம் ஓடும்.