பழைய டிராக்டரில் லிஃப்ட் ஏறவில்லை என்றால்

டிராக்டரின் பின்னால் மாட்டும் கலப்பை போன்ற கருவியை ஆயில் அழுத்தத்தால் தூக்குவது ஹைட்ராலிக் லிஃப்ட். லிவரை இழுத்தால் அது ஏறவில்லை. அல்லது பாதி ஏறி நின்றுவிடுகிறது. அல்லது ஏறியது தானாக இறங்கிவிடுகிறது. பழைய டிராக்டரில் என்றைக்காவது இது வந்தே தீரும். உடனே எல்லோரும் சொல்வது, "பம்ப் போயிடுச்சு" என்பதுதான். பம்ப் விலை கூடிய பொருள், அதைக் கழற்றுவதும் பெரிய வேலை. ஆனால் பல வண்டிகளில் பம்ப் நன்றாகவே இருக்கும். அதற்கு ஆயில் வந்து சேரும் வழியிலோ, அதைத் தாண்டியுள்ள வால்விலோ சீலிலோதான் கோளாறு இருக்கும். எதையும் பிரிக்காமலே இதைப் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். அதற்கு ஆயில் உள்ளே என்ன செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

பம்ப் செய்வது ஆயிலைத் தள்ளுவது மட்டும்தான். போகிற ஆயிலை எதிரே ஏதாவது தடுக்கும்போதுதான் அழுத்தம் பிறக்கிறது. அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் பரவும் என்பதை 17-ஆம் நூற்றாண்டிலேயே பிளேஸ் பாஸ்கல் விளக்கிவிட்டார். லிஃப்ட் சிலிண்டரின் விட்டம் 80 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பிஸ்டனின் பரப்பு சுமார் 50 சதுர சென்டிமீட்டர். 150 பார் அழுத்தத்தில் அந்தப் பிஸ்டன் ஏறக்குறைய ஏழரை டன் விசையோடு தள்ளும். கருவியைத் தூக்கும் லிஃப்ட் கைகளின் நெம்புகோல் கணக்கில் அது குறைந்துதான் கலப்பைக்குப் போய்ச் சேரும் என்றாலும், பெரிய விசைதான்.

இதிலிருந்தே முதல் கேள்வி வந்துவிடுகிறது: லிஃப்ட் மெதுவாக ஏறுகிறதா, பலமில்லாமல் ஏறுகிறதா? வேகத்தைத் தீர்மானிப்பது ஆயிலின் ஓட்டம், பலத்தைத் தீர்மானிப்பது அழுத்தம். அதே சிலிண்டரில் பிஸ்டன் 110 மில்லிமீட்டர் நகர அரை லிட்டருக்குச் சற்று அதிகமான ஆயில் போதும். நிமிடத்துக்கு 17 லிட்டர் தரும் பம்ப் அதை இரண்டே வினாடியில் நிரப்பிவிடும். வெறும் லிஃப்டே நாலு வினாடி எடுத்தால் பாதி ஆயில் சிலிண்டருக்கு வந்து சேரவில்லை என்று பொருள். வெறுமனே சட்டென்று ஏறி, பாரம் மாட்டியதும் திணறினால் ஓட்டம் சரி. அழுத்தம் கூடும்போது எங்கோ உள்ளுக்குள் கசிகிறது.

ஓட்டம் குறைவு என்றால் பம்பின் உறிஞ்சு பக்கத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். தள்ளும் பக்கத்தில் 150 பார் வரை ஏற்ற முடிகிற பம்புக்கு, இழுக்கும் பக்கத்தில் கிடைக்கும் உதவி காற்று மண்டலத்தின் அழுத்தம் மட்டுமே. அது ஒரு பார்தான். மேலே வைத்த மோட்டார் எவ்வளவு குதிரைத்திறன் கொண்டதாக இருந்தாலும் 10 மீட்டருக்குக் கீழே உள்ள கிணற்றுத் தண்ணீரை இழுக்க முடியாததும் இதே காரணத்தால்தான். அதனால் ஆயிலை வடிகட்டும் வலையான ஸ்ட்ரெய்னரில் படிந்த கொஞ்சம் கசடு, உள்ளே மடிந்துபோன பழைய ரப்பர் ஹோஸ், தேவைக்கு மேல் கெட்டியான ஆயில், இவற்றில் ஒன்றே பம்பைப் பட்டினி போட்டுவிடும். பட்டினி கிடக்கும் பம்பினுள் அழுத்தம் தாழ்ந்து, ஆயிலிலேயே ஆவிக்குமிழிகள் உண்டாகின்றன. அவை அழுத்தமான பக்கம் போனதும் நொறுங்குகின்றன. சரளைக்கல் உருள்வது போன்ற அந்தச் சத்தத்தைக் கேட்டும் வண்டியை ஓட்டிக்கொண்டே இருந்தால், குமிழி நொறுங்கும் அதிர்ச்சி உலோகத்தையே அரித்துவிடும். அப்புறம் உண்மையிலேயே பம்ப் போய்விடும்.

உறிஞ்சு பக்கத்தில் இன்னொரு தொல்லை உண்டு. அங்கே இணைப்பை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் தேய்ந்தால் ஆயில் வெளியே ஒழுகாது, காற்று உள்ளே போகும். தரையில் ஒரு சொட்டு இல்லாமலே லிஃப்ட் உதறி உதறி ஏறும், ஆயில் நுரைக்கும். வெளியே தெரியும் இணைப்பாக இருந்தால், எஞ்சின் ஓடும்போது அதன் மேல் கெட்டியாக கிரீஸைத் தடவிப் பாருங்கள். சத்தம் மாறினால் காற்று புகும் இடம் அதுதான்.

இவற்றுக்கெல்லாம் முன்பே பார்க்க வேண்டியவை ஆயில் அளவும், எஞ்சின் சக்தியைப் பின்னால் மாட்டும் கருவிக்குக் கொடுக்கும் பி.டி.ஓ. ஷாஃப்டின் லிவரும். 1946-இல் வந்த ஃபெர்குசன் டி.இ.20 போன்ற வண்டிகளில் ஹைட்ராலிக் பம்பை ஓட்டுவதே பி.டி.ஓ. ஷாஃப்ட்தான், லிவர் விடுபட்டிருந்தால் லிஃப்ட் அசையாது.

ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தால் அதில் காற்று கலந்திருக்கலாம், தண்ணீரும் கலந்திருக்கலாம். ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்து அசையாமல் வையுங்கள். காற்று என்றால் சில மணி நேரத்தில் குமிழி மேலே போய் ஆயில் தெளியும். தண்ணீர் என்றால் கலங்கலாகவே நிற்கும், அல்லது அடியில் தனியாகத் தேங்கும். நூறு டிகிரிக்கு நன்றாக மேலே சூடான தகட்டில் ஒரு சொட்டு விட்டால் தண்ணீர் கலந்த ஆயில் சடசடவென்று பொரியும். கியர் லிவரின் கிழிந்த ரப்பர் உறை வழியாக மழைநீர் இறங்குவது பழைய வண்டிகளில் சகஜம். அதைச் சரிசெய்யாமல் ஆயிலை மட்டும் மாற்றினால் அடுத்த மழைக்குப் பழைய கதைதான்.

காலையில் நன்றாக ஏறி, வேலை செய்து சூடானதும் லிஃப்ட் சோர்ந்துபோகிறதா? இது தேய்மானத்தின் அடையாளம். குறுகிய இடுக்கு வழியே கசியும் ஆயிலின் அளவு, இடுக்கின் அகலத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. இடுக்கு இரு மடங்கானால் கசிவு எட்டு மடங்கு. கூடவே, ஆயில் எவ்வளவு நீர்த்துப்போகிறதோ அவ்வளவுக்குக் கசிவும் கூடும். குளிர்ந்த கெட்டி ஆயில் மறைத்து வைத்த தேய்மானத்தைச் சூடு வெளியே கொண்டுவருகிறது. காலையில் முனகி, சூடானதும் சரியாகும் வண்டி இதற்கு நேர் எதிர்; அங்கே பார்க்க வேண்டியது ஸ்ட்ரெய்னரையும் ஆயிலின் கெட்டித்தன்மையையும்.

அடுத்து, பாரத்தைத் தூக்கி வைத்து எஞ்சினை நிறுத்துங்கள். பாரம் சில நிமிடங்களில் தரைக்கு வந்துவிட்டால் அதில் பம்புக்குப் பங்கே இல்லை, அது ஓடவில்லையே! பிஸ்டன் சீல், ஆயிலைத் திரும்பிப் போகவிடாத செக் வால்வு, கட்டுப்பாட்டு வால்வு இவற்றில் ஒன்று பிடிக்கவில்லை. எஞ்சின் ஓடும்போது லிஃப்ட் விட்டுவிட்டுத் துள்ளுவதும் இதே கசிவால்தான். லிஃப்ட் கை கொஞ்சம் இறங்கியதும் கட்டுப்பாட்டு வால்வு அதை உணர்ந்து மறுபடி தூக்குகிறது, திரும்பவும் இறங்குகிறது. இந்தச் சோதனைகளில் தூக்கிய பாரத்துக்கு அடியில் யாரும் கையோ காலோ வைக்கக் கூடாது. ஹோஸில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்தால் விரலால் தடவித் தேடவே கூடாது, அட்டையைக் காட்டித்தான் தேட வேண்டும். பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் முள் குத்தியது போலத்தான் தெரியும். ஆனால் அது உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம். வலி வரும்வரை காத்திருந்தால் விரலையோ கையையோ இழக்க நேரிடலாம்.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் பிரஷர் கேஜ். குறிப்பிட்ட அளவுக்கு அழுத்தம் ஏறவில்லை என்றால் உடனே, அழுத்தம் அளவு மீறினால் திறந்து ஆயிலை வெளியே விடும் ரிலீஃப் வால்வை முறுக்கிவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கசிவு அப்படியே இருக்க, காப்பு மட்டும் போய்விடும். ஒருநாள் ஹோஸோ சிலிண்டரோ வெடிக்கும்.

ஆயில் மாற்றும்போது எந்த ரகம் என்பதைக் கையேட்டில் பார்த்தே வாங்க வேண்டும். பல பழைய டிராக்டர்களில் கியர்பாக்ஸ், பின் அச்சு, ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். சிலவற்றில் பிரேக் தகடுகளும் அதிலேயே மூழ்கியிருக்கும். ரகம் மாறினால் பிரேக் அலறும். பிரேக் ஃப்ளூயிடையும் ஹைட்ராலிக் ஆயிலையும் ஒன்றுக்குப் பதில் ஒன்றாக ஊற்றினால் ரப்பர் சீல்கள் ஊதி நாசமாகும்.

புது ஆயில் ஊற்றியதும் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, பாரமில்லாமல் லிஃப்டைப் பலமுறை ஏற்றி இறக்கி, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுங்கள். பிறகு லிஃப்டை முழுக்க இறக்கி, எஞ்சினை நிறுத்தி, நுரை அடங்கியதும் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். ஏறிய நிலையில் பார்த்தால் சிலிண்டருக்குள் நிற்கும் ஆயில் கணக்கில் வராது. குறைவு என்று நினைத்து அதிகமாக ஊற்றிவிடுவீர்கள்.