பத்தி தொடக்கத்தில் டேப் தட்டாதீர்கள்

மின்னூல் வடிவமைப்புதான் என் பிழைப்பு. வேர்டு கோப்புகளோடு மல்லுக்கட்டி அலுத்துப்போய், இப்போதெல்லாம் எழுத்தாளர்களிடம் மார்க்டவுனில்தான் கேட்டு வாங்குகிறேன். 2004இல் ஜான் க்ரூபர் வெளியிட்ட எளிய குறியீட்டு முறை அது. தலைப்புக்கு முன்னால் ஒரு #, உட்தலைப்புக்கு இரண்டு, அழுத்திச் சொல்லும் சொல்லுக்கு இருபுறமும் நட்சத்திரக்குறி. நோட்பேட் போதும். அதே கோப்பைப் பான்டாக் என்ற கோப்பு மாற்றும் மென்பொருளில் கொடுத்தால் இபப் எனும் மின்னூல் வடிவம், வேர்டு, இணையப்பக்கம் எது வேண்டுமோ வரும். வேர்டில் எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கினால் கண்ணுக்குத்தான் தலைப்பு. மென்பொருளுக்கு அதுவும் ஒரு பத்தி, பொருளடக்கத்தில் ஏறாது.

ஆனால் பழைய தட்டச்சுப் பழக்கம் லேசில் விடுவதில்லை. போன மாதம் ஒரு சிறுகதைத் தொகுப்பு வந்தது. மாற்றிப் பார்த்தால், கணினி நிரலுக்கென்று நான் வைத்திருக்கும் சாம்பல் பெட்டிக்குள் கதை முழுவதும் உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு பத்தியும் மடங்காமல் ஒரே வரியாகத் திரைக்கு வெளியே ஓடுகிறது. வேறொன்றுமில்லை, பத்திக்குப் பத்தி டேப் தட்டித் தொடங்கியிருந்தார். டேபோ நான்கு இடைவெளியோ விட்டுத் தொடங்கினால் மார்க்டவுன் அதை நிரல் என்றே எடுத்துக்கொள்ளும். பத்திகளுக்கு நடுவே ஒரு வெற்று வரி விடுங்கள். உள்தள்ளுவது என் வேலை.

கவிஞர்கள் பாடு இன்னும் மோசம். என்டர் தட்டிப் பிரித்த நான்கு வரியும் ஒட்டிக்கொண்டு உரைநடையாகிவிடும். வரி முடிவில் இரண்டு இடைவெளி விட வேண்டும் என்பது விதி. கண்ணுக்குத் தெரியாத அந்த இடைவெளியைச் சில எடிட்டர்கள் சேமிக்கும்போதே துடைத்துவிடுகின்றன. அதனால் வரிக்கடைசியில் \ போடச் சொல்கிறேன். க்ரூபரின் மூல வடிவத்தில் இது இல்லை. மார்க்டவுனைத் தரப்படுத்திய வடிவமான காமன்மார்க்கும் பான்டாக்கும் ஏற்கின்றன.

தமிழுக்கென்றே ஒரு வம்பும் உண்டு. நட்சத்திரத்துக்குப் பதில் அடிக்கோடும் போடலாம் என்பார்கள். ஆங்கிலத்துக்குச் சரி. நமக்கு வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிக்கொள்ளுமே! _குறுந்தொகை_யில் என்று எழுதினால், மூடும் கோட்டை அடுத்து எழுத்து வருவதால் அது சொல்லின் நடுவில் வந்த கோடாகிவிடும், அப்படியே அச்சாகும். *குறுந்தொகை*யில் என்றால் ஒழுங்காகச் சாய்ந்து வரும்.

அப்புறம், பத்தியை ஆண்டோடு தொடங்கி உடனே புள்ளி வைப்பவர்கள். "1967. தேர்தல் முடிந்திருந்தது" என்று ஒரு நாவல் தொடங்கியது. எண், புள்ளி, இடைவெளி: எண்ணிட்ட பட்டியல் என்று முடிவுகட்டிவிட்டது மென்பொருள். புள்ளிக்கு முன் ஒரு \ போதும் என்றேன். அவர் ஆண்டை எழுத்தால் எழுதிக் கொடுத்துவிட்டார். அதுவும் நன்றாகத்தான் இருந்தது.