சனிக்கிழமை சம்பளத்தில் மாட்டிக்கொண்ட ஆப்

ஆப் செய்யக் கத்துக்கணும், எந்த கோர்ஸ் சேரலாம் என்று கேட்டு மாதம் நாலைந்து பேராவது போன் செய்கிறார்கள், பெரும்பாலும் கோவை, ஈரோடு பக்கத்துக் காலேஜ் பிள்ளைகள். ஆப் எழுதக் கோட்லின் என்ற மொழியா, ஃப்ளட்டர் என்ற கருவியா என்பதிலேயே பேச்சு சுற்றிக்கொண்டிருக்கும். ஆண்ட்ராய்டு மட்டும் போதும் என்றால் கோட்லின், கூகுளே 2019லிருந்து அதைத்தான் முன்னால் நிறுத்துகிறது. ஐபோனுக்கும் சேர்த்து ஒரே கோடில் எழுத வேண்டுமென்றால் ஃப்ளட்டர். இதற்கு இரண்டு நிமிஷம்கூட ஆகாது. அந்த ஆப்பை யார், எங்கே, எந்தப் போனில் வைத்து ஓட்டப்போகிறார்கள் என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை.

சில வருஷங்களுக்கு முன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு பீஸ் ரேட் கணக்கு, அதாவது தைத்த பீஸுக்கு இத்தனை என்று கூலி போடும் ஆப் செய்து கொடுத்தேன். ஒரு பண்டல் தைத்து முடித்ததும் டெய்லரே தன் போனில் எத்தனை பீஸ் என்று போட்டுவிட வேண்டும், சனிக்கிழமை சம்பளக் கணக்கு தானாக வந்துவிடும். என் மேஜையில், ஆபீஸ் வைஃபையில், புதுப் போனில் அருமையாக ஓடியது. முதல் சனிக்கிழமையே சண்டை. ஒரு அக்காவுக்குத் தைக்காத பீஸுக்கெல்லாம் காசு ஏறியிருந்தது, பக்கத்து மெஷின் அக்காவுக்கு வியாழக்கிழமை தைத்தது ஒன்றுமே இல்லை.

"ஏங்கண்ணு, நான் அமுக்குனது அதுக்குத் தெரிஞ்சுதா இல்லையான்னு சொல்லவே மாட்டீங்குது, அதான் நாலஞ்சு தடவ அமுக்கிப்போட்டேன்" என்றார் காசு கூடுதலாக ஏறிய அக்கா. தப்பு முழுக்க என்னுடையது. தகரக் கூரை ஷெட்டில் சிக்னல் ஒரு கோடு வரும், போகும். பட்டனை அமுக்கியதும் தகவல் சர்வருக்குப் போய்விட்டது, ஆனால் 'கிடைத்தது' என்ற பதில் திரும்பி வருவதற்குள் சிக்னல் அறுந்துவிட்டது. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால் யாராக இருந்தாலும் மறுபடி அமுக்கத்தான் செய்வார்கள். சர்வருக்கோ ஒவ்வொரு அமுக்கும் ஒரு புதுப் பண்டல்.

சரி செய்தது இப்படி. எண்ட்ரி முதலில் போனிலேயே, எஸ்கியூலைட் என்ற சின்ன டேட்டாபேஸில் பதிவாகும், அப்போதே அதற்கு வேறெதிலும் வராத ஒரு அடையாள எண்ணைப் போனே போட்டுவிடும். திரையில் உடனே 'எழுதியாச்சு' என்று வந்துவிடும், நெட்டுக்குக் காத்திருக்காது. சிக்னல் வரும்போது ஒர்க்மேனேஜர் என்ற ஆண்ட்ராய்டு வசதி பின்னாலிருந்து அனுப்பும், அதே எண் இரண்டாம் தடவை வந்தால் சர்வர் கணக்கில் சேர்க்காது. எண்ட்ரிகளை மொத்தமாகச் சேர்த்து அனுப்புவதால் பேட்டரியும் மிச்சம், ஏனென்றால் மொபைல் டேட்டாவில் ஒவ்வொரு தடவை அனுப்பிய பிறகும் போனுக்குள் சிக்னலைப் பிடிக்கும் ரேடியோ சில நொடிகள் முழித்துக்கொண்டேதான் இருக்கும். மொபைல் கம்ப்யூட்டிங் என்று பாடத்தில் படிப்பதெல்லாம் கடைசியில் இதுதான்: நெட் அறுந்துகொண்டே இருக்கும், பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும்.

இன்னொரு அக்கா கணக்கு எங்கே போனது? எண்ணிக்கையைப் போட்டுக்கொண்டிருக்கும்போது வீட்டிலிருந்து போன் வந்திருக்கிறது. இரண்டு ஜிபி ராம் போன், பேசி முடிப்பதற்குள் இடம் பற்றாமல் ஆண்ட்ராய்டு என் ஆப்பை மூடிவிட்டது. திரும்பி வந்தால் வெற்றுப் பக்கம், முன்னமே எழுதியாகிவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார். பாதியில் நிற்பதை எழுதி வைக்காத ஆப் இப்படித்தான் கவிழும். போன் செட்டிங்ஸுக்குள் மறைந்திருக்கும் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் 'டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ்' என்று ஒன்று இருக்கிறது, வெளியே போனதுமே ஆப்பின் திரையை அது மூடிவிடும், அதைப் போட்டுவிட்டு உங்கள் ஆப்பிலிருந்து வெளியே போய் மறுபடி உள்ளே வந்து பாருங்கள். திரையைச் சாய்த்தும் பாருங்கள். பலருக்கு முகம் வாடிவிடும்.

அப்புறம் அந்தப் பட்டன். நான் அதில் 'சமர்ப்பி' என்று எழுதியிருந்தேன். "இதென்னுங்க தம்பி, கோயில்ல பூ வைக்கிறாப்புல" என்று ஒருவர் சிரித்தார். 'கணக்குல ஏத்து' என்று மாற்றினேன், அதன் பிறகு யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பட்டன் அளவு குறைந்தது 48 டிபி (ஆண்ட்ராய்டு திரையில் அளக்கும் அலகு), அதாவது சுமார் 9 மில்லிமீட்டர் என்று கூகுள் சொல்கிறது. பஞ்சு ஒட்டிய விரலுக்கு அதுவும் போதாது, நான் ஒன்றரை மடங்கு வைத்தேன்.

அதனால் கற்றுக்கொள்கிறவர்கள் லேப்டாப்பிலேயே போன் மாதிரி ஓடும் எமுலேட்டரை மட்டும் நம்பாதீர்கள். எட்டு ஜிபி லேப்டாப்பில் அது திணறும், அதைவிட மோசம், அதற்கு வெயிலும் தெரியாது சிக்னலும் தெரியாது. வீட்டில் மூலையில் கிடக்கும் பழைய போனை எடுத்து, செட்டிங்ஸில் பில்ட் நம்பரை 7 தடவை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும், அதில் யூஎஸ்பி டீபக்கிங்கைப் போட்டு கேபிளை மாட்டினால் நேராக அதிலேயே ஓட்டலாம். கோட்லின் பாடம் ஆண்ட்ராய்டு டெவலப்பர்ஸ் தளத்தில் இலவசமாகவே இருக்கிறது, ஆங்கிலம் கொஞ்சம் தட்டுத்தடுமாறினாலும் சமாளித்துவிடலாம். பெரிய ஃபீஸ் கட்டி, லாகின் பக்கம் ஒன்றும் ஏதோ ஒரு சாப்பாட்டு ஆப்பின் நகலும் செய்துவிட்டு சர்ட்டிஃபிகேட்டோடு வரும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது.

பிளே ஸ்டோரில் ஆப் போட டெவலப்பர் கணக்கு தொடங்க ஒரு தடவைக் கட்டணம் 25 டாலர். 2023 நவம்பர் 13க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்கு என்றால், ஆப்பை எல்லோருக்கும் திறந்துவிடும் முன் 12 பேர் தொடர்ந்து 14 நாள் டெஸ்டராக இருந்தாக வேண்டும். அந்தப் பன்னிரண்டு பேரையும் கிளாஸ்மேட்டாகவே பிடிக்காதீர்கள். மளிகைக் கடை அண்ணாச்சி, தறி ஓட்டும் மாமா, மாட்டுக்குத் தீனி வைத்துவிட்டு ஈரக்கையோடு போனை எடுக்கும் அத்தை, இவர்களில் நாலு பேராவது இருக்கட்டும். எதையும் விளக்காமல் போனைக் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள்.